ஆராதனை அழைப்பிதழில் சுருதியையும் அச்சிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்கழிக் கச்சேரிகள் முடிந்த கையோடு ஊருக்கு ஊர் தியாகராஜ ஆராதனை தொடங்கிவிடும். புஷ்ய பகுள பஞ்சமியன்று திருவையாற்றில் காவிரிக் கரையில் நடப்பதை எல்லோரும் அறிவார்கள். அதையொட்டிக் கோயில் மண்டபங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் உள்ளூர்க்காரர்கள் கூடி நடத்தும் பஞ்சரத்ன கோஷ்டி கானத்தை, அதாவது தியாகராஜரின் ஐந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடுவதைப் பற்றியே இக்கடிதம். பாட்டு டீச்சர், அவரிடம் கற்கும் பிள்ளைகள், பணி ஓய்வு பெற்ற வயலின்காரர், கல்லூரி மாணவரின் மிருதங்கம் என்று ஊரே ஒரு ஜமக்காளத்தில் உட்கார்ந்து வாசிக்க நமக்கு இருக்கிற பெரிய வாய்ப்பு இது. பல இடங்களில் அது இரைச்சலாக முடிவதற்கு முதற்காரணம், எந்தச் சுருதியில், அதாவது ‘ஸ’வை எந்த உயரத்தில் வைத்துப் பாடப்போகிறோம் என்பதை மேடையேறும் வரை யாரும் சொல்லாததுதான்.

பாடுகிறவர் எப்படியாவது சமாளிப்பார், வாத்தியம் சமாளிக்காது. சுருதியின் உயரத்தைக் ‘கட்டை’ என்ற அளவால் சொல்வோம்; எண் கூடினால் சுருதியும் உயரும். 24 அங்குல மிருதங்கம் 1, 1½ கட்டைச் சுருதிக்கு ஏற்றது. 4½, 5 கட்டைக்கு 22 அங்குலம் வேண்டும். பெரியதைக் கொண்டுவந்தவர் கல்லால் தட்டித் தட்டி ஏற்றினால் தோல் கிழியும், அல்லது நாதம் வற்றிப்போகும். வயலின் தந்தியைத் திடீரென ஒரு கட்டைக்கு மேல் ஏற்றினால் அறுந்துவிடும். அறாவிட்டாலும் பாட்டுக்கு நடுவே இறங்கிக்கொண்டே இருக்கும். புல்லாங்குழலை ஏற்றவோ இறக்கவோ வழியே இல்லை. திருவையாற்றில் பஞ்சரத்னத்துக்கு முன் ‘சேதுலாரா’ கீர்த்தனையைக் குழலில் வாசிப்பது மரபு. உள்ளூரிலும் அப்படித் தொடங்குகிறவர்கள், குழல்காரரிடம் எந்தக் குழல் இருக்கிறது என்று கேட்டுச் சுருதியை முடிவுசெய்வது நல்லது.

ஆண்கள், பெண்கள் இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று 3 கட்டையில் வைப்பது வழக்கம். அதில் ஆண்களுக்கு மேலே தார ஸ்தாயி காந்தாரம் எட்டாது, பெண்களுக்குக் கீழே மந்தர ஸ்தாயி பஞ்சமம் வெளியே கேட்காது. பெண்களும் பிள்ளைகளும் மிகுந்த கோஷ்டிக்கு 4½ அல்லது 5 கட்டையே சரி. மேலே எட்டாத இடங்களில் ஆண்கள் ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடிக்கொள்ளலாம். தம்பூரா ஒன்றே போதும். ஆளுக்கொரு கைப்பேசியில் சுருதிச் செயலியை ஓடவிட்டால், ஒன்று 440 ஹெர்ட்ஸிலும் மற்றொன்று 442 ஹெர்ட்ஸிலும் நின்று, நொடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும். அதற்குமேல் யாராலும் சேர முடியாது. கீபோர்டு அறவே வேண்டாம். கௌளை ராகத்தின் தாழ்ந்த ரிஷபத்துக்கும் வராளி ராகத்தில் பஞ்சமத்தை உரசி நிற்கும் மத்திமத்துக்கும் அதில் தனி விசை கிடையாது.

அடுத்தது பாடாந்தரம், அதாவது கீர்த்தனையை அவரவர் கற்ற பாடமுறை. நாட்டை, ஆரபி, ஸ்ரீராகம் ஆகிய ராகங்களில் உள்ள கீர்த்தனைகள் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆரபியிலுள்ள ‘சாதிஞ்செனே’யில் மட்டும் ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவிக்குப் போகாமல் ‘சமயானிகி’க்குத் திரும்ப வேண்டும் என்பதைப் புதியவர்களுக்கு நினைவூட்டினால் போதும். இடறுவது வராளியிலுள்ள ‘கனகன ருசிரா’. வராளியை நேரே சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சீடருக்கும் மனத்தாங்கல் வரும் என்ற நம்பிக்கையால் பலர் அதைக் கேட்டே கற்கிறார்கள். கேட்ட இடம் வேறு என்றால் சங்கதியும், அதாவது ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதமும், வேறு. ஒத்திகையில் பாதி நேரத்தை இந்த ஒரு கீர்த்தனைக்கே ஒதுக்கலாம். முடிவான பாடாந்தரத்தை முடிவான சுருதியில் ஒருவர் பாடிப் பதிந்து, நான்கு வாரம் முன்பே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கையில் கொடுக்கும் புத்தகத்திலும் கவனம் வேண்டும். ஜெராக்ஸ் எடுத்த பிரதிகளில் க, ச, ட, த, ப எழுத்துகளை எந்த ஒலியில் சொல்ல வேண்டும் என்று காட்ட எழுத்தின் தலையில் இருக்கும் 1, 2, 3, 4 எண்கள் மங்கிவிடுகின்றன, அல்லது மறுபடி தட்டச்சு செய்தவர் அவற்றை விட்டுவிடுகிறார். அப்போது ‘கனகன’வில் நடுவிலுள்ள வல்லின ககரத்தைத் தமிழ் வழக்கப்படி மெலித்து வாசிக்கிறோம். ‘காணக் காண’ என்ற பொருள் உடைந்துவிடுகிறது. ‘சாதிஞ்செனே’யில் ஞகரத்தை அடுத்த சகரம் ‘மஞ்சள்’ போல் ஒலிக்கிறது. அங்கே ‘பச்சை’யில் வரும் ச வேண்டும். ‘துடுகு கல’வோ ‘துடுக்கு’ ஆகிவிடுகிறது. ஐந்தில் முதலாவது சமஸ்கிருதம், மற்ற நான்கும் தெலுங்கு. எண்களோடு பெரிய எழுத்தில் அச்சிடுவதும், தெலுங்கு தெரிந்த ஒருவரை ஒரு நாள் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்பதும் தியாகராஜருக்குச் செய்யும் மரியாதை.

காலப்பிரமாணத்துக்கு, அதாவது பாட்டின் வேகத்துக்கு வருவோம். நாட்டையில் நிதானமாகக் கிளம்பி ஸ்ரீராகத்தில் ஓட்டமாக முடிவது எங்கும் நடக்கிறது. பத்து மிருதங்கம் இருந்தால் பத்துப் பேரும் இடைவெளியை நிரப்பப் பார்ப்பார்கள். மிருதங்கச் சொல் கூடக் கூட வேகமும் கூடும். இரண்டு மிருதங்கத்துக்கு மட்டும் மைக் கொடுத்து, மற்றவர்கள் அவர்களின் நடையைப் பின்பற்றினால் ஓட்டம் நிற்கும். பந்தல் நீளமாக இருந்தால் எதிர்ச் சிக்கலும் உண்டு. 30 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு மேடை ஒலி ஏறக்குறைய 0.09 நொடி தாமதமாகவே போய்ச் சேரும். நிமிடத்துக்கு 80 அட்சரம் (தாள எண்ணிக்கை) என்ற நடையில் அது அரைக்கால் அட்சரம். பின்வரிசை காதால் கேட்டுப் பாடினால் இழுத்துக்கொண்டே வரும். ஆகவே ஒருவர் உயரமான பலகையில் உட்கார்ந்து, கடைசி வரிசைக்கும் தெரியும்படி கையைத் தூக்கி ஆதி தாளம் போட வேண்டும். எல்லோரும் அந்தக் கையைப் பார்த்துப் பாட வேண்டும். புத்தகத்தில் தலையைப் புதைத்திருப்பவரால் இது முடியாது என்பதால், பல்லவிகளையாவது மனப்பாடம் செய்துவிட்டு வரச் சொல்லலாம்.

மைக் விஷயத்தில் ஒன்றே ஒன்று: கைக்குக் கை மாறும் மைக் வேண்டாம். குரல்களுக்கு நான்கு, வயலின்களுக்கு இரண்டு என்று ஸ்டாண்டில் நிறுத்திவிட்டால் போதும்.

உள்ளூர் சபாக்காரர்களுக்கு எங்கள் வேண்டுகோள்: அழைப்பிதழில் நாள், நேரம், இடத்துக்குக் கீழே ‘சுருதி: 5 கட்டை’ என்று ஒரு வரி சேருங்கள். தங்கள் நாளிதழின் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியிலும் ஆராதனை அறிவிப்புகளோடு அந்த வரியைச் சேர்த்து வெளியிட முடியுமானால், வெளியூரிலிருந்து வரும் வாத்தியக்காரர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே சரியான மிருதங்கத்தையும் குழலையும் எடுத்துக்கொண்டு வருவார்கள்.

இப்படிக்கு,
கோஷ்டி கானத்துக்குப் பக்கவாத்தியம் வாசிப்போர்,
கும்பகோணம்.