உயரம் அல்ல, எடைதான் கணக்கு

ஆசிரியருக்கு,

ஸ்லாலம் என்னும் ஒற்றைப் பலகை நீர்ச்சறுக்குக்கு ஆளின் உயரம் பார்த்துப் பலகை வாங்கச் சொல்லியிருந்தீர்கள். சிட்னியில் வார இறுதிகளில் சறுக்கும் என் மகன் அதை ஒப்பவில்லை. எடையும், ஆளை இழுத்துப் போகும் படகின் வேகமும்தான் கணக்காம். எடை கூடினாலோ வேகம் குறைந்தாலோ பலகை நீளமாக வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகும் 85 கிலோ ஆளுக்கு 67, 68 அங்குலம் சரிப்படும். மெதுவாகப் போகும் புதியவருக்கு நடுப்பகுதி அகலமான பலகை நல்லது. தண்ணீரிலிருந்து சுலபமாக எழும்பலாம். 58 கிலோமீட்டரில் பாயும் போட்டிக்காரர்களின் ஒடுக்கமான, விறைப்பான கார்பன் பலகை அவருக்குத் தோதுப்படாது. பர்மாத் தேக்கில் வீடு கட்டிய எங்கள் ஊர்க்காரர்கள் விலை கூடியதைத்தான் கேட்பார்கள், அது வேறு விஷயம். அடுத்த முறை எடை, வேக அட்டவணை ஒன்றையும் போடுங்கள்.

ஒரு வாசகர்,
கானாடுகாத்தான்