அடிக்கட்டையை விறகு லாட்டில் சேர்க்காதீர்கள்: வனத்துறைக்கு மரச்சிற்பிகளின் திறந்த மடல்

தமிழ்நாடு வனத்துறையின் முதன்மைத் தலைமை வனப் பாதுகாவலர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம்.

துறையின் தோட்டங்களில் வெட்டும் மரமும் காற்றில் சாய்ந்த மரமும் டிப்போவுக்கு, அதாவது துறையின் மரக்கிடங்குக்கு, வந்து ஏலம் போகும் முறை தாங்கள் அறிந்ததே. அண்மையில் ஒரு டிப்போவில் தேக்கு, வாகை அடிக்கட்டைகளும், கிளை பிரியும் இடத்துத் துண்டுகளான கவட்டைகளும் சுள்ளிகளோடு ஒரே விறகு லாட்டாக, அதாவது ஒரே ஏலக் குவியலாகப் போயின. எடுத்தவர் சூளைக்காரர். அவர்மேல் குறையில்லை; லாட் பிரித்த விதத்தில்தான் குறை.

கதவு நிலை செய்பவருக்குக் கவட்டை ஆகாது. நார் திரும்பிக் கிடப்பதால் பலகை முறுக்கிக்கொள்ளும். சிற்பிக்கோ அதுதான் அருமையான மரம். கிளை பிரியும் போக்கிலேயே நார் வளைந்து ஓடுவதால், அதில் செதுக்கும் பிள்ளையார் துதிக்கை குறுக்கே ஒடியாது. எங்களுக்கு வேண்டியது ஒன்றரை அடி முதல் மூன்றடி வரையுள்ள துண்டு. அதற்காக டேவணி (ஏல முன்பணம்) கட்டி லாரிக் கணக்கில் லாட் எடுக்க எந்தப் பட்டறையாலும் முடியாது.

துண்டு மரத்துக்கு இன்னொரு ஆபத்து, வெயில். வெட்டுமுகத்தின் வழியே ஈரம் பக்கங்களைவிடப் பல மடங்கு வேகமாக வெளியேறும். முனை சுருங்கும், உள்ளே இன்னும் ஈரம் இருக்கும், முகம் நடுக்குருத்திலிருந்து பிளக்கும். பன்னிரண்டடி மரத்தில் இரு முனையிலும் நாலு அங்குலம் வெடித்தால் 144 அங்குலத்தில் 8 போகும், யாரும் கவலைப்படமாட்டார்கள். அதே வெடிப்பு இரண்டடித் துண்டில் வந்தால் 24 அங்குலத்தில் 16தான் மிஞ்சும். மூன்றில் ஒரு பங்கு வீண். இப்படி ஏலத் தேதிக்காக மாதக்கணக்கில் வெட்டவெளியில் கிடக்கும் கட்டை, நாங்கள் வாங்க முடிந்தாலும் சிலைக்கு உதவாது. வாகையின் வெளிறில், அதாவது வைரத்தைச் சுற்றியுள்ள வெளுத்த மரத்தில், அதற்குள் வண்டும் விழுந்துவிடும். வெட்டிய ஓரிரு நாளுக்குள் முனையில் மெழுகோ கெட்டிப் பெயின்டோ பூசி, நிழலில் தரையில் படாமல் அடுக்கினால் போதும். செலவு மிகச் சொற்பம்.

அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இலும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. மேடைதோறும் பெருமை பேசுகிறார்கள். ஆனால் மரம்? அரசின் ஒரு கை கலைக்குச் சான்றிதழ் கொடுக்கிறது, இன்னொரு கை அந்தக் கலைக்கான மரத்தைச் சூளைக்கு அனுப்புகிறது. மூலப்பொருள் இல்லாமல் பயிற்சி முகாம் நடத்தி என்ன பயன்? பையன்கள் உளியை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

பேச்சு நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும். நாங்கள் புதிதாக ஒரு மரத்தையும் வெட்டச் சொல்லவில்லை. சந்தனம், ஈட்டி, செம்மரம் கேட்கவில்லை. சரணாலயத்தில் பட்டு நிற்கும் மரம் பறவைக்கும் பூச்சிக்கும் உரியது. அது அங்கேயே நிற்கட்டும். துறையே வெட்டி முடித்த இடத்தில் மிஞ்சுவதை மட்டுமே கேட்கிறோம்.

கேரளத்தில் வீடு கட்டுவோர் அனுமதிச் சீட்டைக் காட்டி வனத்துறை டிப்போவில் சில்லறையாகத் தேக்கு வாங்க வழி இருக்கிறது. அதுபோல இங்கே, கைவினைஞர் அடையாள அட்டை உள்ளவருக்கு அடிக்கட்டை, கவட்டை, துண்டுகளை அரை கன மீட்டருக்கு மேற்படாத சிறு லாட்டுகளாக, நிர்ணய விலையில் தர ஆணையிடுங்கள். மரத்தில் இடும் துறை முத்திரையும் மரத்தை எடுத்துச் செல்வதற்கான அனுமதிச் சீட்டும் அங்கேயே, அன்றே கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் வழியில் சோதனைச் சாவடியில் மரம் நின்றுவிடும்.

திரும்பவும் கேட்கிறோம்: அடிக்கட்டையை விறகு லாட்டில் சேர்க்காதீர்கள். அடுத்த வெட்டு தொடங்கும் முன்பே டிப்போக்களுக்கு இதற்கான சுற்றறிக்கை போய்ச் சேரத் தாங்கள் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மரச்சிற்பக் கைவினைஞர்கள்