நடைப்பயிற்சியாளர் நலச்சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, குடியரசு தினக் கொடியேற்றம், கண் பரிசோதனை முகாம் மூன்றும் வழக்கம்போல் நடந்தன. நடைபாதையில் பெயர்ந்திருந்த கற்களும் மாற்றியாயிற்று.

புற்றுநோய்ச் சிகிச்சை முடித்தவர்களோடு நம் உறுப்பினர்கள் கூட நடப்பதுதான் இந்த ஆண்டு தொடங்கிய ‘துணை நடை’. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். “நடக்கிற சங்கத்துக்கு ஆஸ்பத்திரி வேலை எதற்கு?” என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள்.

2025 ஜூனில் ‘சேலஞ்ச்’ என்ற ஆய்வின் முடிவு வெளியானது. கனடா, ஆஸ்திரேலியா உட்பட ஆறு நாடுகளில், பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி, சாப்பாடு பற்றிய புத்தகங்கள் மட்டும். இன்னொரு பிரிவுக்கு மூன்று ஆண்டுகள் பயிற்சியாளர் துணை. வாரத்தில் மூன்று நான்கு நாள், முக்கால் மணி நேர வேகநடை அளவுக்குப் பயிற்சி. எட்டு ஆண்டு கழித்துப் பயிற்சிப் பிரிவில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் உயிரோடு இருந்தார்கள். புத்தகப் பிரிவில் 83 பேர். நோய் திரும்புவதும் குறைந்தது. கீமோவுக்குப் பதிலாக நடை என்று யாரும் சொல்லவில்லை. டாக்டர் அனுமதி இல்லாமல் நாமும் யாரையும் சேர்ப்பதில்லை.

நம் கூட்டத்தில் பேசிய டாக்டர் புதிய மருந்துகளையும் சொன்னார். நியூயார்க்கில் மலக்குடல் புற்றுநோயாளிகள் 49 பேருக்கு ஆறு மாதம் டோஸ்டார்லிமாப் என்ற மருந்தை மட்டும் ஏற்றியதில், அத்தனை பேருக்கும் ஆபரேஷன் இல்லாமலே கட்டி மறைந்திருக்கிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட மரபணுக் குறை உள்ள கட்டிக்குத்தான் அது பலிக்கும். மலக்குடல் புற்றில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே அந்த வகை. அதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிகளின் வேலை. கூட நடக்க நம்மால் முடியும்.

முதலில் சேர்ந்தவர் ஒரு அம்மா. ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றியதில் பாதம் மரத்துப்போயிருந்தது. ஒரு நாள் ஒரு செருப்பு கழன்று பாதையில் கிடக்க, அது தெரியாமலே வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த நம் உறுப்பினர்தான் எடுத்துக் கொடுத்தார். மறுவாரம் குதிகாலில் பட்டை வைத்த செருப்பு வாங்கிவிட்டார். பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்று நான் சொல்வது இதற்குத்தான்.

துணை வருவதாகப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் தீபாவளிக்குப் பிறகு தலைகாட்டவில்லை. மழை, பேரப்பிள்ளைகளின் பள்ளி, ஊர்ப்பயணம் எல்லாம் நியாயமான காரணங்களே. ஆனால் உடம்பு முடியாதவர்கள் காலை ஆறு மணிக்கு கேட்டில் காத்து நின்று திரும்பிப் போயிருக்கிறார்கள். வர முடியாவிட்டால் முந்தின இரவே வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடக் கூடாதா?

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறையச் சரி. கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. காரணம் சந்தா பாக்கி. இரண்டு ஆண்டாகத் தராதவர்களும் உண்டு. பெயர்களை வாசிக்கப் போவதில்லை. துணை நடையில் சங்கப் பணம் கரைகிறது என்ற பேச்சு சரியல்ல. அதில் செலவானது குடிதண்ணீருக்கும் முதலுதவிப் பெட்டிக்கும்தான்.

டாக்டர், செயற்குழுவினர், பூங்காக் காவலாளி, விழாக்களுக்கு நன்கொடை தந்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்பை யார் ஏற்றாலும் எனக்குச் சம்மதம். ஆனால் அந்த ஆய்வில் மூன்று ஆண்டு நடந்தார்கள். நம்மவர்களுக்கு இன்னும் ஒரு ஆண்டுகூட முடியவில்லை. சொன்ன நாளில் தவறாமல் வரக்கூடிய நான்கு பேர் கிடைத்தால் போதும், இதை நிறுத்த வேண்டியிருக்காது. பெயர் எழுதும் நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது.

செயலாளர்