வாடிய செம்பருத்தியையும் அச்சிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பூக்களைப் படம் எடுப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் 'எடுக்கிற படமெல்லாம் ஒரே மாதிரி வருகிறதே, என்ன செய்வது' என்று நல்ல கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டு, பதிலுக்கு ஒரு லென்ஸ் பட்டியலைப் போட்டு முடித்துவிட்டீர்கள். பதினோரு வருடமாகப் பூக்களையே எடுத்துக்கொண்டிருக்கிறவன் நான். அந்தப் பதில் தப்பு என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

எனக்கும் அந்த நிலைமை வந்தது. ஒருநாள் ராத்திரி இரண்டு வருடப் படங்களைக் கம்ப்யூட்டரில் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். பூ நடுவில், முகம் என்னைப் பார்த்து, பின்னால் பச்சை மங்கல், இதழ்மேல் நானே தெளித்த தண்ணீர்த் துளி. பூதான் மாறியிருந்தது, படம் மாறவே இல்லை. சரி, லென்ஸ்தான் போதவில்லை என்று மேக்ரோ லென்ஸ் வாங்கினேன். அதே படம் இன்னும் கிட்டத்தில் வந்தது, அவ்வளவுதான்.

அப்புறம்தான் ஒரு முடிவுக்கு வந்தேன்: ஒரே செடி, பத்து நாள், வேறு எதையும் எடுப்பதில்லை, பூவை நேருக்கு நேர் எடுப்பதும் இல்லை. வீட்டுத் தொட்டியில் இருந்த சிவப்புச் செம்பருத்திதான் அந்தச் செடி. முதல் மூன்று நாள் ஒன்றும் தேறவில்லை, கை பழக்கத்துக்குப் பழைய கோணத்துக்கே போனது. நாலாம் நாள் சாயங்காலம் என்ன தோன்றியதோ, கேமராவை எடுத்துக்கொண்டு போனேன். செம்பருத்தி ஒரு நாள் பூ, காலையில் விரிந்தால் பொழுது சாயும்போது சுருள ஆரம்பித்துவிடும் என்பது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் அத்தனை வருடத்தில் சுருண்ட பூவை ஒரு தடவைகூடக் குனிந்து பார்த்ததில்லை. ஐந்து இதழும் ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்த மாதிரி ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, சிவப்பு கறுத்து ஓரத்தில் ஊதா இறங்கி, நுனியில் மட்டும் அந்த ஐந்து குட்டி வெல்வெட் பொத்தான்கள் இன்னும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, அதில் ஒன்றில் மஞ்சள் மகரந்தம் நாலைந்து மணி ஒட்டியிருந்தது. அன்றைக்கு எடுத்த படம்தான் எனக்குப் புது வழி காட்டியது.

அதற்குப் பிறகு ஒன்று ஒன்றாகக் கண்ணில் பட்டது. பூவுக்குப் பின்னால் போய் நின்று சூரியனை எதிரே வைத்துப் பார்த்தால், இதழ் முழுக்க நரம்பு ஓடுவது தெரிகிறது. சிவப்புப் பூ ஏன் எப்போதும் வர்ணம் அப்பின மாதிரி வருகிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது: மொத்த வெளிச்சம் சரியாக இருந்தாலும் கேமராவில் சிவப்பு மட்டும் எல்லையைத் தாண்டிவிடுகிறது, தாண்டிய இடத்தில் இதழின் மடிப்பு, சுருக்கம் எதுவும் பதியாது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியாக ஹிஸ்டோகிராம் (எவ்வளவு வெளிச்சம் பதிந்தது என்று கேமரா காட்டும் வரைபடம்) பார்த்து, எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் (பாதியாக) வரைக்கும் குறைத்தால் அந்த விவரமெல்லாம் திரும்பி வருகிறது. மேக்ரோவில் பூவை அதன் உண்மையான அளவுக்கே சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் தகட்டில்) பிடிக்கும்போது, லென்ஸின் துளையை எஃப் 11 வரைக்கும் சின்னதாக்கினாலும், முன்னும் பின்னுமாக ஃபோகஸில், அதாவது தெளிவாக, இருப்பது ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. முழுப்பூவும் தெளிவாக வரவேண்டும் என்று அதோடு மல்லுக்கட்டிய காலம் உண்டு. இப்போது அந்த ஒன்றரை மில்லிமீட்டரை எங்கே வைப்பது என்று யோசிப்பதுதான் எனக்குப் பாதி வேலை.

கார்ல் பிளாஸ்ஃபெல்ட் என்ற ஜெர்மானியரைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரியாவது இருந்திருக்கலாம். பெர்லினில் கலை மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவர். வகுப்பில் காட்டுவதற்காக முப்பது வருடத்துக்கும் மேலாகச் செடிகளையும் மொட்டுகளையும் சாதாரண வெற்றுப் பின்னணியில் வைத்து, வீட்டிலேயே செய்த கேமராவால், பல மடங்கு பெரிதாக்கி எடுத்துக்கொண்டே இருந்தார். 1928-இல் அவை புத்தகமாக வந்தபோது அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவில் இமோஜன் கன்னிங்ஹாம் என்ற புகைப்படக் கலைஞர் 1920-களில் மூன்று சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வெளியே அதிகம் போக முடியாத நிலையில், வீட்டுத் தோட்டத்துப் பூக்களை எடுத்தார். 1925-இல் அவர் எடுத்த மக்னோலியாவில் பூவின் நடுப்பகுதிதான் படத்தை நிறைத்திருக்கும். இந்த இரண்டு பேரும் பூவைத் தேடி ஊர் ஊராகப் போகவில்லை, கையெட்டும் தூரத்தில் இருந்ததைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

நல்ல லென்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மொபைலில் எடுப்பவருக்கும் பெரிய கேமராவில் எடுப்பவருக்கும் ஒரே இடத்தில்தான் முட்டுகிறது. பூ என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஒரு படம் மனதில் முன்கூட்டியே உட்கார்ந்திருக்கிறது, புது லென்ஸும் அந்தப் படத்தைத்தான் எடுக்கும். ஒரே பூவோடு பத்து நாள் இருந்து பாருங்கள், நாலாம் நாளோ ஆறாம் நாளோ அலுத்துப் போகும், அப்போது விட்டுவிடாதீர்கள்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். வாசகர் படங்களுக்கு நீங்கள் ஒதுக்கும் பக்கத்தில் ஒரு வாரமாவது, ஒரே செடியைப் பத்து நாள் எடுத்தவர்களின் படங்களைப் போடுங்கள். மொட்டு, பின்புறம், பூச்சி அரித்த இதழ், சுருண்டு விழுந்தது எல்லாம் வரட்டும். படத்தின் கீழே எந்தக் கேமரா என்பதற்குப் பதிலாக அது எத்தனையாவது நாள் எடுத்தது என்று அச்சிடுங்கள். என் செம்பருத்தியின் நாலாம் நாள் சாயங்காலப் படத்தை அந்தப் பக்கத்துக்கு அனுப்பத் தயாராக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்