பெங்களூரிலிருந்து அந்தமானுக்குப் பிற்பகல் நேரடி விமானம் வேண்டி மனு

அனுப்புநர்:
தையல் கடைக்காரர், அல்சூர், பெங்களூரு

பெறுநர்:
செயலாளர் அவர்கள், சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகம், ராஜீவ் காந்தி பவன், புதுதில்லி - 110003

பொருள்: பெங்களூரு – போர்ட் பிளேர் பிற்பகல் விமானமும் அவசரப் பயணக் கட்டண வரம்பும் கோருதல்

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். என் அக்காவைக் கட்டிக் கொடுத்தது போர்ட் பிளேரில். 2024-இல் ஊர்ப் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது; எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. அம்மாவும் கடைசி நான்கு வருடம் அங்கேதான் இருந்தார்.

கடந்த நவம்பரில் ஒரு நாள் காலை பத்தரைக்கு அக்கா போன் செய்தாள். அம்மாவுக்கு மூச்சுத் திணறல், உடனே கிளம்பி வா என்றாள். டிக்கெட் பார்த்தால் அன்றைய நேரடி விமானம் போய்விட்டது. சரி, சென்னை போய் மாறலாம் என்றால், நான் அங்கே இறங்குவதற்குள் தீவுக்கான கடைசி விமானமும் கிளம்பியிருக்கும். சாயங்காலம் அக்கா போனை அம்மா காதில் வைத்தாள். "எப்ப வருவ?" என்றார். "விடிஞ்சா வந்துருவேன்மா" என்றேன். ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மா போய்விட்டார்.

மறுநாள் வீடு போய்ச் சேர மணி இரண்டு. கடிகாரம் அங்கேயும் இதே நேரம்தான் காட்டும். ஆனால் தீவு கிழக்கே வெகுதூரம் தள்ளி இருப்பதால் நவம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். இருட்டுவதற்குள் எடுத்தாக வேண்டும் என்றார்கள். போன தீபாவளிக்கு நான் தைத்து அனுப்பிய நீல ரவிக்கையைத்தான் அக்கா அம்மாவுக்குப் போட்டுவிட்டிருந்தாள். பக்கத்தில் உட்கார எனக்குக் கிடைத்தது ஒரு மணி நேரம்.

தூரம் அதிகம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. பெங்களூரிலிருந்து போர்ட் பிளேர் வான்வழியில் சுமார் 1,640 கிலோமீட்டர். தில்லி சுமார் 1,700. தீவுதான் கிட்டத்தில் இருக்கிறது. பயணமும் இரண்டே முக்கால் மணி நேரம்தான். தில்லிக்கு ராத்திரியிலும் விமானம் உண்டு. தீவுக்கு ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. சென்னையில் கப்பல் ஏறினால் ஏறக்குறைய மூன்று நாள்.

தீவின் ஓடுதளம் கடற்படையோடு பகிர்ந்துகொள்வது, அவர்கள் தேவை முக்கியம் என்பது தெரியும். ஆனாலும் 2023 ஜூலையில் புது முனையம் திறந்தாயிற்று. கடற்படையோடு கலந்து பேசி, பெங்களூரிலிருந்து மதியத்துக்கு மேல் கிளம்பும் ஒரு நேரடி விமானத்துக்காவது வழி செய்ய வேண்டுகிறேன்.

அப்புறம், கட்டணம். எனக்கு ஒரு வழிக்கே ஒரு மாத வருமானம் போனது. கொரோனா காலத்தில், 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை, பறக்கும் நேரத்தை ஏழு பிரிவாக்கி அரசே கட்டண வரம்பு வைத்தது. அதே முறையில், சாவுக்கும் அவசர சிகிச்சைக்கும் போகிறவர்களுக்காக ஒவ்வொரு தீவு விமானத்திலும் சில இருக்கைகளுக்கு வரம்பு வைக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டோ இறப்புச் சான்றோ பிறகு காட்டச் சொன்னாலும் சரி.

அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)