அலெக்ஸ் வருவதற்கு முன் அணைந்த திரை: ஒரு திரையரங்கு நிறுவனத்துக்குப் புகார்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.
2025 ஏப்ரல் 22

பொது முகாமையாளர் அவர்கட்கு,

பொருள்: ஏப்ரல் 19 பிற்பகல் காட்சியில் படம் இருட்டாகக் காட்டப்பட்டதும், முடியும் முன் நிறுத்தப்பட்டதும்

ஐயா,

சென்ற சனிக்கிழமை உங்கள் யாழ்ப்பாணத் திரையரங்கில் மூன்று ரிக்கற் எடுத்து ‘எ மைன்கிராஃப்ட் மூவி’ பார்க்க வந்தவன் நான். என்னோடு இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். படத்தின் இரவுக் காட்சிகள் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. கடைசிக் காட்சி காட்டப்படவே இல்லை. அங்கேயே உங்கள் ஊழியர்களிடம் இரண்டு தடவை சொன்னேன். பலன் இல்லாததால் எழுதுகிறேன்.

பிள்ளைகள் என் தங்கையின் மக்கள். மூத்தவனுக்குப் பன்னிரண்டு வயது, இளையவளுக்கு ஒன்பது. பருத்தித்துறையிலிருந்து காலையிலேயே பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். சித்திரை வருடப்பிறப்புக்குப் பெரியவர்கள் கொடுத்த கைவிசேடக் காசில் ஒரு சதமும் செலவழிக்காமல், ஐம்பது ரூபாத் தாளும் நூறு ரூபாத் தாளுமாக ஒரு ஜொமெற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். நான் எடுக்கிறேன் என்று சொல்லியும் கேட்கவில்லை. மூன்று ரிக்கற்றில் இரண்டு அந்தக் காசில் எடுத்தவை. இதை நீங்கள் முதலில் அறிய வேண்டும்.

இந்தப் படம் ஒரு வீடியோ விளையாட்டை வைத்து எடுத்தது. அந்த விளையாட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஏன் அப்படி வாடிப்போனார்கள் என்பது இல்லாவிட்டால் விளங்காது. மைன்கிராஃப்ட் சுவீடனில் பிறந்த விளையாட்டு. முழுப் பதிப்பு 2011 இல் வந்தது. 2014 இல் மைக்ரோசொஃப்ட் அதை 250 கோடி டொலருக்கு வாங்கியது. 2023 ஆகும்போது 30 கோடிப் பிரதிக்கு மேல் விற்றிருந்தது. எல்லாமே சதுரக் கட்டிகளால் ஆன உலகம் அது. மண்ணை வெட்டி, மரத்தைத் தறித்து, வேண்டியதைக் கட்டிக்கொள்ள வேண்டும். அங்கே ஒரு நாள் என்பது நம்முடைய 20 நிமிடம். இருட்டினால் பிசாசுகள் வரும், விடிந்தால் வெயிலில் எரியும். இருட்டு வந்தால் சுற்றிவர ரோச், அதாவது தீப்பந்தம், குத்தி வெளிச்சம் வைக்க வேண்டும், வெளிச்சம் உள்ள இடத்தில் அவை முளைக்காது. இதெல்லாம் எனக்கு அந்தப் பிள்ளைகள் சொல்லித் தந்தவை.

வீட்டில் ஒரே ஒரு போன்தான், அதுவும் கண்ணாடி வெடித்தது. அரை மணித்தியாலம் அவன், அரை மணித்தியாலம் அவள். அந்தச் சின்னத் திரைக்குள் இருவரும் சேர்ந்து தங்கள் வீட்டையே கட்டியிருக்கிறார்கள். முன் விறாந்தை இருக்கிறது. துலாக் கிணறு இருக்கிறது. பனைமரம் அந்த விளையாட்டில் இல்லை என்பதால் வேறு மரத்தின் கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக உயர்த்தி, உச்சியில் மட்டும் இலைக் கட்டிகளை வைத்துப் பனை செய்திருக்கிறார்கள். வடக்கு வேலியோடு பதினொரு பனை. உண்மையான வளவிலும் பதினொன்றுதான்.

அந்த விளையாட்டுக்குள் நாம் ஆடும் ஆளாகத் தொடக்கத்திலிருந்தே இருப்பவன் ஸ்டீவ். 2014 இல்தான் அலெக்ஸ் என்ற பெண் வந்தாள், செம்பட்டைத் தலைமயிரும் பச்சைச் சட்டையுமாக. என் மருமகள் ஒரு நாளும் ஸ்டீவாகப் போனதில்லை. அவள் எப்போதும் அலெக்ஸ். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேட்ட முதல் கேள்வியே, “மாமா, படத்தில அலெக்ஸ் வருவா தானே?” என்பதுதான்.

இனிப் படத்துக்கு வருகிறேன். ஜரட் ஹெஸ் இயக்கிய இந்தப் படத்தில் கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஜாக் பிளாக் முதலிலிருந்து கடைசி வரை கத்திக்கொண்டே இருக்கிறார், ஜேசன் மொமோவா அவருக்கு ஈடுகொடுக்கிறார். நான் தனியாகப் போயிருந்தால் பாதியில் எழும்பியிருப்பேன். ஆனால் மேசையில் பொருட்களை வைத்து அடிக்க அவை வாளாகவும் வாளியாகவும் மாறும்போது என் மருமகன் கதிரை நுனிக்கு வந்து, அடுத்தது என்ன வரும் என்பதை ஒரு நொடி முன்னதாகவே சொன்னான். எல்லாமே சரியாக இருந்தன. அந்தப் பிள்ளைகளுக்கு அது தாங்கள் பிழைத்த உலகம். 1993 இல் மாரியோ விளையாட்டைப் படமாக எடுத்தவர்கள் விளையாட்டின் முகத்தையே மாற்றித் தோற்றார்கள். 2023 இல் அதையே கார்ட்டூனாக, விளையாட்டில் இருந்தபடியே எடுத்தபோது உலகமே போய்ப் பார்த்தது. மைன்கிராஃப்ட் படம் முதல் வார இறுதியிலேயே உலகெங்கும் 30 கோடி டொலருக்கு மேல் வசூலித்ததும் அதனால்தான் என்பது என் எண்ணம். பிள்ளைகள் கதை கேட்கப் போகவில்லை, தங்களுக்குத் தெரிந்த இடத்தைப் பெரிதாகப் பார்க்கப் போகிறார்கள்.

அந்த இடத்தைத்தான் நீங்கள் அவர்களுக்குக் காட்டவில்லை.

பகல் காட்சிகளே மங்கலாகத்தான் இருந்தன. புல் பச்சையாக இல்லை, நனைந்த சாக்கு நிறத்தில் இருந்தது. இரவு வந்து பிசாசுகள் கிளம்பியபோது திரையில் தெரிந்தது அசையும் கறுப்பு மட்டும். அவசர வாசலுக்கு மேலே எரிந்த பச்சை லைற்றின் வெளிச்சம் திரையின் இடப்பக்க மூலையில் விழுந்து, அது படத்தைவிடத் துலக்கமாக இருந்தது. அந்தக் காட்சியைப் பிள்ளைகள் வீட்டில் முன்னோட்டத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்கள். வெடித்த போனில் எது எது எங்கே நிற்கிறது என்று எண்ணிச் சொல்லக்கூடியதாக இருந்த காட்சி அது. மருமகள் என் காதுக்குள், “மாமா, ஒரு ரோச் குத்தினா எல்லாம் தெரியுமெல்லே” என்றாள். அவளுக்கு அது விளையாட்டுப் பேச்சு இல்லை. அந்த உலகத்தில் இருட்டுக்கு மருந்து அதுதான்.

நான் கல்யாண வீட்டு வீடியோ எடுப்பவன். இருபது வருடமாக வெளிச்சத்தோடுதான் சீவியம். அதனால் இது படம் எடுத்தவர்கள் விட்ட பிழையா, காட்டியவர்கள் விட்ட பிழையா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியும். சாதாரணப் படம் காட்டும்போது திரையின் நடுவில் வெள்ளை நிறத்தின் ஒளிர்வு சதுர மீற்றருக்கு 48 கண்டெலா (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்பது டிஜிட்டல் திரையரங்குகளுக்கான நியமம். படத்தின் நிறங்களைச் சரிபார்ப்பவர்கள் அந்த அளவை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். இடைவேளைக்குச் சற்று முன் நான் எழும்பிப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். புரொஜெக்டர் அறையின் ஜன்னலிலிருந்து ஒளி ஒன்றாக வரவில்லை, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கற்றையாக வந்தது. சில வகைப் புரொஜெக்டர்களில் 3டி வில்லை பூட்டியிருந்தால்தான் அப்படி வரும். வாசலில் 3டி கண்ணாடிகள் போட்ட பெட்டியும் கிடந்தது. ஆனால் எங்களுக்கு விற்றது சாதாரணக் காட்சிக்கான ரிக்கற். முந்திய காட்சிக்குப் பூட்டிய 3டி வில்லையை யாரோ கழற்றாமல் விட்டிருக்கிறார்கள். அந்த வில்லையின் முன்னால் இருக்கும் கண்ணாடி வெளிச்சத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும். மிச்சம்தான் எங்கள் திரைக்கு வந்தது. விளக்கும் பழசாகியிருக்கலாம், அதை உங்கள் தொழில்நுட்பவியலாளர் பார்த்துச் சொல்லட்டும்.

இடைவேளையில் வெளியே வந்து இதை அப்படியே சொன்னேன். ரிக்கற் கிழித்தவர், “அந்தப் படம் அப்பிடித்தான் அண்ணை” என்றார். மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்து, வேறு ஒருவரும் குறை சொல்லவில்லையே என்றார். உண்மைதான், ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் இருட்டில் இருந்து பழகினவர்கள், அதைச் சாட்டாக எடுக்காதீர்கள். 101 நிமிடப் படத்தில் எங்கே வெட்டி இடைவேளை விட்டீர்கள் என்பதையும் கேட்க நினைத்தேன், ஒரு ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே வாக்கியத்தின் நடுவில் நிறுத்தியிருந்தீர்கள். அதை விடுவோம். சத்தம் நன்றாக இருந்தது, கதிரைகளும் நன்றாக இருந்தன. கோழியின் மேல் குட்டிப் பிசாசு ஏறி வரும் ‘சிக்கன் ஜொக்கி’ காட்சியில் பிள்ளைகள் எழும்பி நின்று கூவியபோது உங்கள் ஊழியர்கள் அதட்டவில்லை. வெளிநாடுகளில் அந்தக் காட்சிக்குப் பொப்கோனை அள்ளி எறிந்து தியேட்டர்களை நாசமாக்கியதாகச் செய்தி பார்த்தோம். இங்கே அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நல்ல பிள்ளைகள்.

நான் உண்மையில் எழுத வந்தது இதற்குப் பிறகு நடந்ததைத்தான்.

கதை முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. அலெக்ஸ் இன்னும் வரவில்லை. மருமகள் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடியே இருந்தாள். பெயர்கள் முழுக்க முடிந்த பிறகு ஒரு காட்சி இருக்கிறது என்று தமையன் எங்கேயோ வாசித்திருந்தான். ஸ்டீவ் தன் பழைய வீட்டுக் கதவைத் தட்டுவான், திறப்பது அலெக்ஸ். முழுப் படத்திலும் அவள் வருவது அங்கே மட்டும்தான். அதனால் மூவரும் இருந்தோம், பின்வரிசையில் இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒரு நிமிடம் போயிருக்காது, அரங்கு லைற் எல்லாம் போட்டுவிட்டார்கள். தும்புத்தடியோடு இருவர் உள்ளே வந்து முன்வரிசையிலிருந்து கூட்டத் தொடங்கினார்கள். பெயர்கள் ஓடிக்கொண்டிருந்த திரை பட்டென்று நீலமாகி அணைந்தது.

“முடிஞ்சுது, எழும்புங்கோ” என்றார் ஒருவர்.

“இன்னும் முடியேல்லை அங்கிள், அலெக்ஸ் வரேல்லை” என்றாள் அவள்.

அவர் கோபித்துப் பேசவில்லை. “அடுத்த ஷோவுக்கு ஆக்கள் நிக்கினம் பிள்ளை” என்று மட்டும் சொன்னார். அவரிலே எனக்குக் குறை இல்லை. அவருக்குக் கொடுத்திருக்கும் நேரம் அவ்வளவுதான் என்பது அவர் கூட்டிய வேகத்திலேயே தெரிந்தது. காட்சிக்கும் காட்சிக்கும் இடையில் எத்தனை நிமிடம் என்று அட்டவணை போட்டவர் நீங்கள். அதனால்தான் கடிதம் உங்களுக்கு.

1993 இல் எனக்கும் மருமகனின் வயதுதான். யாழ்ப்பாணத்தில் அப்போது கரண்ட் இல்லை, பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் யானை விலை. ஊரில் யாராவது ஜெனரேற்றரும் ரீவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் படம் போட்டால் மூன்று ஒழுங்கைக்கு அப்பாலிருந்தும் பாயோடு வருவார்கள். ஜெனரேற்றருக்குள் ஒரு மூடி பெற்றோல் விட்டு இழுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட விடுவது வழக்கம். அன்று மூன்றாவது படத்தின் கடைசிச் சண்டைக்கு முன் மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது. திரை சுருங்கி ஒரு வெள்ளைப் புள்ளியாகி மறைந்தது. அந்தப் படத்தின் முடிவை நான் பார்த்தது 2002 இல் தெற்கிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ9 பாதை திறந்து சீடிக் கடைகள் நிறைந்த பிறகு. ஒன்பது வருடம். அந்த இரவில் ஒருவரும் பிழைகாரர் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, அவ்வளவுதான். உங்களிடம் கரண்ட் இருந்தது, படம் இருந்தது, காசும் வாங்கியிருந்தீர்கள்.

எங்கள் அப்பா வின்சர், றீகல், வெலிங்டன், ராணி, மனோகரா என்று பழைய தியேட்டர்களின் பெயர்களைச் சாமி பெயர் சொல்வதுபோலச் சொல்லுவார். என் வயதுக்காரருக்கு அப்படிச் சொல்ல ஒரு பெயரும் இல்லை. இந்தப் பிள்ளைகளுக்காவது இருக்கட்டும் என்றுதான் வீட்டில் போனில் பார்க்கலாம் என்று தங்கை சொன்ன பிறகும் தியேட்டருக்கே கூட்டிக்கொண்டு வந்தேன். திரும்பிப் போகும் பஸ்ஸில் மருமகன் சொன்னான், “போனிலயே பாத்திருக்கலாம் மாமா.” நான் பதில் சொல்லவில்லை.

என்னுடைய ரிக்கற் காசு எனக்கு வேண்டாம். பிள்ளைகளின் இரண்டு ரிக்கற் காசையும் அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். அல்லது படம் ஓடி முடிவதற்குள் இன்னொரு காட்சிக்கு அவர்களை அனுமதித்துக் கடைசி எழுத்து வரை காட்டுங்கள். எது என்பதை அவர்கள் தெரிவு செய்யட்டும், என்னைக் கேட்டால் இரண்டாவதையே விரும்புவார்கள். 3டி காட்சி முடிந்து சாதாரணக் காட்சி தொடங்கும்போது வில்லையைக் கழற்றியதாக ஒருவர் கையெழுத்து வைக்கும் ஒழுங்கு உங்களிடம் இருக்கிறதா என்று எழுத்தில் அறியத் தாருங்கள். இல்லாவிட்டால் உடனே செய்யுங்கள், அதற்கு ஒரு கொப்பியும் பேனையும் போதும். விளக்கின் ஒளிர்வையும் அளந்து பாருங்கள். காட்சி அட்டவணையில் பெயர்கள் ஓடி முடியும் நேரத்தையும் சேருங்கள், கூட்டுபவர்களுக்கு அதற்குப் பிறகு பத்து நிமிடமாவது கொடுங்கள்.

பதினான்கு நாளுக்குள் தமிழில் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுவேன். மூன்று ரிக்கற்றின் அடித்துண்டுகளின் படப்பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன். மூலத்துண்டுகளில் இரண்டு ஜொமெற்றிப் பெட்டிக்குள் பருத்தித்துறைக்குப் போய்விட்டன, கேட்டால் எடுத்துத் தருவேன்.

இப்படிக்கு,
வீடியோப் படப்பிடிப்பாளர் ஒருவர்,
கொக்குவில்.