நூறு புளியங்கொட்டையும் ஒரு கிராம சபையும்

அன்புள்ள அம்மணிக்கு,

உன் கடிதம் ஆடி நோம்பிக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. பேரனுக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். அந்த வாரம் மாமியாருக்கு ஈரோட்டில் கண் ஆபரேஷன், அதனால்தான் வர முடியவில்லை. இப்போது நன்றாகப் பார்க்கிறார். இங்கே இன்னொரு நல்ல செய்தி, எங்கள் ஊர்க் குட்டையில் தண்ணீர் நிற்கிறது. 2024 ஆகஸ்டில் திறந்தார்களே, பவானி ஆற்று உபரி நீரைக் குளங்களுக்குக் கொண்டுவரும் அத்திக்கடவு–அவினாசித் திட்டம், அதில் வரும் 1,045 குளம் குட்டைகளில் எங்களுடையதும் ஒன்று.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உள்ளாட்சியை நடித்துக் காட்டினால் புரியுமா என்று கேட்டிருந்தாய். நன்றாகப் புரியும். ஆனால் ஆண்டு விழா நாடகம் மாதிரி துண்டு போட்டு, மீசை வரைந்து, வசனம் எழுதிக் கொடுத்தால் துண்டும் மீசையும்தான் மனதில் நிற்கும். வசனம் வேண்டாம். பிரச்சினை நம்ம ஊர்ப் பிரச்சினையாக இருக்கட்டும், பணம் போதாமல் இருக்கட்டும், சட்டத்தில் உள்ள விதியை அப்படியே வை. மிச்சத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

நான் நாலாவதையும் ஐந்தாவதையும் ஒன்றாக உட்கார வைத்தேன். "நம்ம ஊருக்கு என்ன வேணும்னு வீட்டுல கேட்டு எழுதிட்டு வாங்க" என்று ஒரு வாரம் முன்பே சொல்லியிருந்தேன். ஆத்துத் தண்ணி தினமும் வேணும், தெருவிளக்கு, சாக்கடை, காலையில் இன்னொரு பஸ், ரேஷன் கடைக்கு நிழல், விளையாட ஒரு மைதானம், மெயின் ரோட்டில் வேகத்தடை, பள்ளிக்குச் சுற்றுச்சுவர் என்று கொண்டுவந்து குவித்தார்கள். முதல் வேலை இதைப் பிரிப்பதுதான். இதில் எது ஊராட்சி செய்வது, எது செய்ய முடியாதது? பஸ் போக்குவரத்துக் கழகத்துடையது, மெயின் ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது, விளக்கும் சாக்கடையும் ஊராட்சியுடையவை. சுற்றுச்சுவர் யாருடையது என்று பெரிய வாக்குவாதம். ஒரு பையன் வெளியே ஓடிப்போய்ப் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்து, "ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளின்னு போட்டிருக்குதுங்க டீச்சர், அப்ப ஒன்றியத்துலதான கேக்கோணும்?" என்றான். அவன் தினமும் அந்தப் பலகைக்குக் கீழேதான் நுழைகிறான். யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது பிடிபட்டுவிட்டால் உள்ளாட்சிப் பாடத்தில் பாதி முடிந்த மாதிரி. பெரியவர்களிலேயே எத்தனை பேர் இது தெரியாமல் ஆபீஸ் ஆபீஸாக அலைகிறார்கள்!

அப்புறம் தேர்தல். ஏழு வார்டு, ஒவ்வொன்றும் நிஜ வளவு, நிஜ வீதி. சட்டப்படி பாதி இடம் பெண் பிள்ளைகளுக்கு என்றதும் பையன்கள் முகம் மாறியது. 2016-இலிருந்து நம் மாநிலத்தில் உள்ளாட்சியில் 50 சதவீதம் பெண்களுக்குத்தான் என்று சொல்லி மேலே போய்விட்டேன். தலைவருக்கு எல்லோரும் ஓட்டுப் போட்டார்கள், துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் மட்டும் தேர்ந்தெடுத்தார்கள்.

பணத்துக்கு நூறு புளியங்கொட்டை. இதை நீ கட்டாயம் செய்ய வேண்டும். 15-ஆவது நிதிக்குழு சொன்னபடி மத்திய அரசு 2021–26-க்கு ஊராட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும், மீதி 40 சதவீதத்தைத்தான் ஊரின் மற்ற தேவைகளுக்கு எடுக்கலாம் என்று விதி இருந்தது இல்லையா? அதனால் ஒரு டப்பாவில் அறுபது, இன்னொன்றில் நாற்பது. மைதானத்துக்கே நூறையும் கொட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள், அறுபது டப்பாவைத் தொடக் கூடாது என்றதும் வாயடைத்துப் போனார்கள். தண்ணீர்க் குழாய், சாக்கடை, குப்பை வண்டி என்று அந்த டப்பா சீக்கிரம் காலியானது. நாற்பதில்தான் சண்டை. கிழக்கு வளவுப் பையன் மைதானத்தைச் சமப்படுத்த முப்பது வேண்டும் என்று நின்றான்.

அப்போது ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்று எழுந்தது. பெருந்துறைப் பக்கம் கம்பெனிகளுக்கு வந்து லைன் வீடுகளில் குடியிருக்கிறார்களே, அவர்கள் வார்டின் உறுப்பினர் அவள். நம்ம பிள்ளைகளைப் போலவே பேசுவாள். "ஏனுங்க தலைவருங்களே, எங்க சந்துல லைட்டே இல்லீங்க. அம்மா நைட் சிப்ட்டு முடிஞ்சு செல்போன் லைட்டுல வருதுங்க" என்றாள். உடனே ஒருவன், "உங்க வீட்டுக்கு இங்க ஓட்டே இல்லையே" என்றான். அவன் சொன்னதும் சட்டப்படி சரிதான், ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தானே கிராம சபை. வகுப்பு அமைதியாகிவிட்டது. நான் வாயே திறக்கவில்லை. தலைவராக இருந்த பெண் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஓட்டு இல்லாட்டியும் அந்தச் சந்து நம்ம ஊருலதான இருக்குது" என்றாள். கிழக்கு வளவுப் பையன் தன் முப்பதிலிருந்து பத்தை எண்ணி எடுத்து விளக்குப் பக்கம் தள்ளினான். அம்மணி, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதோடு முடியவில்லை. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பதையும் விதியாக வைத்திருந்தேன். துணைத் தலைவர் பேனாவை மூடி வைத்துவிட்டாள். "எத்தனை லைட்டுன்னு பில்லுல இல்லீங்களே. எண்ணிக்கை எழுதினாத்தான் போடுவேன்" என்றாள். தலைவர் கெஞ்சியும் பார்த்தாள், நடக்கவில்லை. 'ஐந்து விளக்கு' என்று எழுதிய பிறகுதான் கையெழுத்து விழுந்தது. இரண்டு கையெழுத்து ஏன் வேண்டும் என்பதை நான் விளக்க வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று.

முடிந்ததும் ஒரு கேள்வி வந்தது. "இப்ப நம்மூருக்கு நெசத் தலைவர் யாருங்க டீச்சர்?" 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு அரசு நியமித்த தனி அலுவலர்தான் பொறுப்பேற்றார் என்றேன். அப்போ யாரிடம் போய்க் கேட்பது என்றார்கள். கிராம சபை இருக்கிறது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு முறை கூடும், அங்கே கேட்கலாம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத சமயத்தில் கிராம சபையைப் பிள்ளைகள் தெரிந்துகொள்வது இன்னும் முக்கியம் என்று நினைக்கிறேன்.

சுதந்திர தினத்தன்று சில பிள்ளைகள் பெற்றோரை இழுத்துக்கொண்டு நிஜக் கிராம சபைக்கே வந்துவிட்டார்கள். 3,000 பேருக்கு மேல் 10,000 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 200 பேராவது வர வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். இரண்டு பேர் வாசலில் நின்று தலையை எண்ணிக்கொண்டிருந்தார்கள். கிழக்கு வளவுப் பையனின் அப்பா எழுந்து லைன் வீட்டுச் சந்து விளக்கைப் பற்றிக் கேட்டார். பையன் வீட்டில் சொல்லியிருப்பான் போல. தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். அடுத்த கூட்டத்தில் அது என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும் என்று பிள்ளைகள் இப்போதே நோட்டில் குறித்து வைத்திருக்கிறார்கள்.

எங்கள் வகுப்புத் தீர்மானப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், உனக்கு உதவும். அக்டோபர் 2-க்கு முன்னால் உன் பள்ளியில் ஒன்று நடத்திவிடு. தாராபுரம் பக்கத்துப் பிள்ளைகள் அந்த நாற்பதை எதற்குக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. மறக்காமல் எழுது. அண்ணனையும் மருமகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் விடுதித் தோழி